வாடகைப் பாத்திரக் கடையை வைத்து யூ.எம்.எல். பழகுவது எப்படி?

மென்பொருளை எழுதும் முன் அதைப் படமாக வரைந்து யோசிக்க உதவும் குறியீடுதான் யூ.எம்.எல். அதைச் சொல்லித்தரும் பாடமான ஆப்ஜெக்ட் ஓரியண்டட் அனாலிசிஸ் அண்ட் டிசைன் படித்த பலரிடம் அழகான ரெக்கார்ட் நோட்டு இருக்கும். பாஸ்போர்ட் ஆட்டோமேஷன், ஏ.டி.எம். என்று படங்களும் இருக்கும். ஆனால் அந்த அலுவலகத்துக்குள் என்ன நடக்கிறது என்று வரைந்தவருக்கே தெரியாது. அதனால் படம் சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, கேட்டால் பதில் சொல்ல ஒருவர் இருக்கும் தொழிலாக எடுக்கச் சொல்வேன். என் தேர்வு, விசேஷங்களுக்குப் பாத்திரமும் நாற்காலியும் ஜெனரேட்டரும் வாடகைக்கு விடும் கடை. எந்த ஊரிலும் ஒன்று இருக்கும்.

யூ.எம்.எல். 2.5-இல் 14 வகைப் படங்கள் உண்டு. பழக நான்கு போதும்: யூஸ் கேஸ் (யார் என்ன செய்ய வருகிறார்), கிளாஸ் (எந்தெந்த வகைகள், அவற்றுக்குள் என்ன தொடர்பு), சீக்வென்ஸ் (யார் யாரிடம் எந்த வரிசையில் கேட்கிறார்), ஸ்டேட் (ஒன்று எந்தெந்த நிலைகளைக் கடக்கிறது). இவை ஒரே ஆள் ஒரே நாளில் யோசித்தவை அல்ல. யூஸ் கேஸ், இவார் யாக்கப்சன் எரிக்சன் நிறுவனத்தில் இருந்த காலத்தில் உருவாக்கியது. ஸ்டேட் படத்துக்கு மூலம் டேவிட் ஹாரெல் 1987-இல் வெளியிட்ட ஸ்டேட்சார்ட். கிரேடி பூச், ஜேம்ஸ் ரம்பா, யாக்கப்சன் மூவரும் ரேஷனல் நிறுவனத்தில் சேர்ந்து தங்கள் குறியீடுகளை ஒன்றாக்க, 1997-இல் ஓ.எம்.ஜி. என்ற மென்பொருள் தர அமைப்பு அதை யூ.எம்.எல். என்ற தரமாக ஏற்றது. ஒவ்வொரு படமும் ஒவ்வொரு கேள்விக்காகப் பிறந்தது. எந்தக் கேள்விக்காக வரைகிறோம் என்று தெரியாமல் பென்சிலை எடுக்காதீர்கள்.

முதல் வேலை, கடைக்காரரிடம் உட்கார்ந்து கேட்பது. அவர் ஏறக்குறைய இப்படிச் சொல்வார்: "முகூர்த்தத்துக்கு முந்நூறு சேர், ரெண்டு அண்டா, ஒரு ஜெனரேட்டர்னு வருவாங்க. நோட்டைப் பார்ப்பேன். இருந்தா அட்வான்ஸ் வாங்கிக்குவேன். முதல் நாள் சாயங்காலம் வண்டியில போகும். முடிஞ்சதும் எண்ணி வாங்குவோம். குறைஞ்சா அட்வான்ஸ்ல பிடிப்போம்." இதை அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'முன்பதிவு செய்', 'அனுப்பு', 'திரும்பப் பெறு' என்று மூன்று யூஸ் கேஸ் கிடைத்துவிட்டது. யூஸ் கேஸுக்கான முட்டை வடிவம் வரைவதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் கீழே படிப்படியாக நாலு வரி எழுதி, ஒவ்வொரு வரியிலும் "இது நடக்காவிட்டால்?" என்று கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பது கல்யாண வீட்டார். பாத்திரத்தை எண்ணி வாங்கிக்கொள்வது சமையல் மாஸ்டர். கரண்டி தொலைந்தால் யார் பொறுப்பு? 'வாடிக்கையாளர்' என்று ஒரே குச்சி மனிதனைப் போட்டிருந்தால் இந்தக் கேள்வி எழுந்தே இருக்காது.

அடுத்தது கிளாஸ் படம். இங்கே நிதானமாக இருங்கள், பாடத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

கிளாஸ் என்பது பொது வகை, ஆப்ஜெக்ட் அதன் நிஜ உதாரணம். நேராக கிளாஸுக்குப் போகாமல், கடையின் நோட்டில் இருந்து ஒரு நிஜ ஆர்டரை எடுத்து ஆப்ஜெக்டுகளாக வரையுங்கள். ஒரு பெட்டி ஆர்டர். அதிலிருந்து மூன்று கோடுகள்: 300 நாற்காலி, 2 அண்டா, 1 ஜெனரேட்டர். இரண்டாவதாக வேறொரு ஆர்டரையும் அப்படியே வரையுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எண்ணிக்கையும் அன்றைய வாடகையும் எங்கே எழுத வேண்டும் என்பது தெரியும். நாற்காலி என்ற பெட்டியில் எழுத முடியாது, அது இரண்டு ஆர்டருக்கும் பொது. ஆர்டரிலும் எழுத முடியாது, அதில் மூன்று விதப் பொருள் இருக்கிறது. நடுவில் 'ஆர்டர் வரி' என்றொரு கிளாஸ் வேண்டும். கடைக்காரர் வாயில் வராத கிளாஸ் இது. அவர் சொன்ன பெயர்ச்சொற்களை அடிக்கோடிட்டு கிளாஸ் கண்டுபிடிக்கும் முறை தொடக்கத்துக்கு உதவும். அதோடு நின்றால் இதுபோன்றவை தப்பிவிடும்.

புதியவர்கள் பலரும் அடுத்துச் செய்வது, 'பொருள்' என்று மேலே ஒரு பெட்டி போட்டு, கீழே நாற்காலி, அண்டா, ஜமக்காளம், ஜெனரேட்டர் என்று வாரிசுகளை (மேலுள்ள கிளாஸின் தன்மைகளைப் பெறும் கிளாஸ்களை) வரிசையாகத் தொங்கவிடுவது. கடைக்காரர் நாளை ஃபேன் வாங்கினால் புது கிளாஸ் எழுதி புரோகிராமை மாற்ற வேண்டுமா? நாற்காலிக்கும் ஜமக்காளத்துக்கும் பெயரும் விலையும்தான் வேறு. அவை வெறும் தகவல், கிளாஸ் அல்ல. வாரிசு தேவையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: ஒரே கேள்விக்கு இரண்டும் வேறு வேறு வழியில் பதில் கண்டுபிடிக்கின்றனவா? "24-ஆம் தேதி கிடைக்குமா?" என்று கேட்டால், நாற்காலி மொத்தத்தில் இருந்து பதிவானதைக் கழித்து எண்ணிக்கை சொல்லும். எந்த நாற்காலி என்பது யாருக்கும் முக்கியமில்லை. ஜெனரேட்டருக்கு அப்படியில்லை. பெரியதா சின்னதா, எது ரிப்பேரில் இருக்கிறது என்று ஒவ்வொன்றையும் தனியே பார்க்க வேண்டும். ஆக எண்ணிக்கைப் பொருள், தனிப்பொருள் என்று இரண்டே வாரிசுகள். பொருள் எத்தனை வந்தாலும் படம் மாறாது.

இரண்டு கிளாஸை இணைக்கும் கோட்டின் இரு முனையிலும், ஒன்றுக்கு எத்தனை என்று எண் போட மறக்காதீர்கள். போட்ட பிறகு வாய்விட்டுப் படியுங்கள்: "ஒரு ஆர்டரில் குறைந்தது ஒரு வரி இருக்கும், ஒரு வரி ஒரே ஆர்டருக்குச் சொந்தம்." கடைக்காரருக்குப் படம் புரிய வேண்டியதில்லை, இந்த வாக்கியம் புரியும். தப்பென்றால் உடனே சொல்லிவிடுவார். ஆர்டரை அழித்தால் அதன் வரிகளும் போய்விடும் என்பதால் அங்கே கறுப்பு வைரக்குறி (முழுமை போனால் பகுதியும் போகும் என்ற குறி) சரி. தளர்வான முழுமை-பகுதித் தொடர்புக்கான வெள்ளை வைரக்குறிக்கு யூ.எம்.எல். தரமே துல்லியமான பொருள் தரவில்லை. சாதாரணக் கோடு போட்டுவிட்டு நகருங்கள்.

கிளாஸ் படம் வேலை செய்யுமா என்று சோதிப்பதற்குத்தான் சீக்வென்ஸ் படம். 'முன்பதிவு செய்' ஒன்றை மட்டும் எடுத்து, யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்று மேலிருந்து கீழே அம்பு வரையுங்கள். நான்கு பேர் சேர்ந்து படித்தால் இன்னும் நல்லது. ஆளுக்கொரு அட்டை எடுத்து, கிளாஸ் பெயர், அதன் பொறுப்பு, அது யாருடைய உதவியை நாடும் என்று எழுதி, அந்த கிளாஸாகவே நடித்துப் பேசுங்கள். கென்ட் பெக்கும் வார்டு கன்னிங்ஹாமும் 1989-இல் எழுதிய சி.ஆர்.சி. அட்டை முறை இது. 'ஆர்டர்' அட்டைக்காரர் 'நாற்காலி'யிடம் "24-ஆம் தேதி முந்நூறு உண்டா?" என்பார். அதற்குப் பதில் சொல்ல நாற்காலிக்கு அந்தத் தேதியின் மற்ற ஆர்டர் வரிகள் தெரிய வேண்டும். படத்தில் அந்தப் பக்கம் போகும் வழி இருக்கிறதா? இல்லையென்றால் கிளாஸ் படத்துக்குத் திரும்பிப் போய் அந்த வழியைச் சேர்த்துவிடுங்கள்.

வரைந்து முடித்ததும் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். எல்லா அம்பும் 'மேனேஜர்' என்ற ஒரே கோட்டில் இருந்து கிளம்பினால், மற்ற கிளாஸ்கள் வெறும் தகவல் டப்பாக்களாக நிற்கின்றன. அந்த மேனேஜரிடம் இருக்கும் வேலைகளில் ஒவ்வொன்றாக எடுத்து, அதற்கான தகவல் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே ஒப்படையுங்கள்.

ஸ்டேட் படம் ஆர்டருக்கு மட்டும் போதும். விசாரணை, பதிவு, அனுப்பியது, திரும்பியது, கணக்கு முடிந்தது. வரைந்ததும் ஒவ்வொரு நிலையிலும் "இங்கே ரத்து ஆனால்?" என்று கேளுங்கள். பிறகு, 300 போய் 288 வந்தால் அது எந்த நிலை? உடைந்ததற்குப் பணம் பிடிக்கலாம். மண்டபத்தில் விட்டுப்போனது மறுநாள் வரும். ஆக 'பகுதி திரும்பியது' என்று ஒரு நிலை தேவை. அண்டா திரும்பியதும் வாடகைக்குத் தயாரா, கழுவி அடுக்க ஒரு நாள் வேண்டுமா? வேண்டுமென்றால் அடுத்தடுத்த நாள் முகூர்த்தத்தில் அதே அண்டாவைக் கொடுக்க முடியாது. கிடைக்குமா என்ற கணக்கே மாறுகிறது. திரும்பவும் கிளாஸ் படத்துக்குப் போங்கள். இப்படி முன்னும் பின்னும் போய்வருவதுதான் முறை.

கருவி விஷயம் சுருக்கமாக. முதல் வரைவு காகிதத்தில். நிலைத்த பிறகு எழுத்தில் இருந்து படம் வரையும் பிளான்ட்யூ.எம்.எல். போன்றதில் எழுதுங்கள், படம் டெக்ஸ்ட் ஃபைலாக இருப்பதால் புரோகிராமோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) வைக்கலாம், என்ன மாறியது என்றும் பார்க்கலாம். கிளாஸ், ஸ்டேட் படங்களைப் பாதுகாத்து வையுங்கள். சீக்வென்ஸ் படம் புரோகிராம் எழுதியதும் தன் வேலையை முடித்துவிட்டது, தூக்கிப் போடலாம்.

கடைசியாக, 'முன்பதிவு செய்' ஒன்றை மட்டும் ஜாவாவிலோ பைத்தானிலோ எழுதி, 500 நாற்காலி உள்ள கடையில் ஒரே நாளுக்கு 300, 250 என்று இரண்டு ஆர்டர் கொடுத்து டெஸ்ட் எழுதுங்கள். இரண்டாவதை அது மறுக்க வேண்டும். மறுத்ததும் 'திரும்பப் பெறு' யூஸ் கேஸை எடுங்கள்.