வேட்டையாடி வாழ்ந்தவங்க ஏன் ஒரே இடத்துல தங்கல, பிள்ளைங்களுக்கு எப்படி புரிய வைக்கலாம்

"உணவு தேடி அலைந்தனர்"னு பாடத்துல ஒரு வரில முடிஞ்சிரும், பிள்ளையும் மனப்பாடம் பண்ணிரும், ஆனா மனசுல பதியறது என்னவோ பசியில திக்கு தெரியாம சுத்துன கூட்டம்னுதான். அது ரொம்ப தப்பு, அவங்க கணக்கு போட்டு நகர்ந்தவங்க. அதனால நிஜமான ஒரு மக்கள எடுத்துக்கோங்க: தெற்கு ஆப்பிரிக்காவுல கலஹாரி பாலைவனத்துல போட்ஸ்வானா, நமீபியா எல்லைப் பக்கம் வாழ்ந்த ஜுஹோவான்சி. 1960கள்ல ரிச்சர்ட் லீங்கற மானிடவியல் ஆய்வாளர் அவங்க கூடவே தங்கி என்ன சாப்பிடறாங்க, எவ்வளவு நடக்கறாங்கன்னு குறிச்சு வச்சிருக்கார்.

ஒரு பேப்பர் நடுவுல புள்ளி வைங்க, அது தண்ணி. சுத்தி 10 கிலோமீட்டருக்கு ஒரு வட்டம், ஏறக்குறைய காலைல போய் பொழுது சாயறதுக்குள்ள திரும்பற தூரம். உள்ள அங்கங்க மொங்கோங்கோ மரம் வரைங்க, அந்தக் கொட்டைதான் அவங்களுக்கு முக்கியமான சாப்பாடு. இப்ப கொட்டை பொறுக்கியாச்சுன்னு கிட்ட இருக்கற மரத்துலேர்ந்து ஒண்ணொண்ணா அழிக்கச் சொல்லுங்க. அழிக்க அழிக்க நடை கூடிக்கிட்டே போகும், சாப்பாடு தீரல, தூரமாயிருச்சு, அவ்வளவுதான். "பேசாம வேற இடத்துக்குப் போயிரலாமே"ன்னு பிள்ளையே சொல்லும், தயவுசெஞ்சு நீங்க முந்திக்காதீங்க.

அடுத்து மழை. மழை பெஞ்சா பள்ளத்துல எல்லாம் தண்ணி நிக்கும், உடனே சின்னச் சின்ன கூட்டமா பிரிஞ்சு கோடையில எட்ட முடியாத காட்டுக்குப் போவாங்க, வத்துனதும் வத்தாத ஊத்துப் பக்கம் வந்து சேருவாங்க. எல்லாம் தெரிஞ்ச இடம், இன்னார் நிலம்னு உண்டு, கேட்டுட்டுத்தான் தங்குவாங்க. சண்டை வந்தாலும் ஒரு குடும்பம் கிளம்பி வேற கூட்டத்துல போய் இருந்துக்கும்.

சுமையையும் காட்டுங்க. பிள்ளையோட சாமான ஒரு பையில போட்டு தூக்கி நடக்க விடுங்க. ஒரு ஜுஹோவான்சி பெண் தோல் போர்வைய மடிச்சுக் கட்டி அதுல கொட்டை, கிழங்கு, கைல தோண்டுற குச்சி, தண்ணிக்கு நெருப்புக்கோழி முட்டை ஓடு, இதுபோக குழந்தை வேற, அதையும் மூணு நாலு வயசு வரைக்கும் தூக்கித்தான் நடக்கணும். இதுக்கு மேல எதையாவது சேர்த்து வைப்பாங்களா சொல்லுங்க.

கடைசியா, சாப்பாடே நம்மளத் தேடி வந்தா என்ன ஆகும்னு கேளுங்க. வட அமெரிக்காவோட வடமேற்குக் கரைல வருஷா வருஷம் சால்மன் மீன் கூட்டங்கூட்டமா ஆத்துல ஏறி வரும், அங்க இருந்தவங்க பயிர் செஞ்சு பிழைச்சவங்க இல்ல, ஆனாலும் பெரிய பெரிய மர வீடு கட்டி மீன புகையில காய வச்சு சேமிச்சு குளிர்காலம் பூரா ஒரே ஊர்ல இருந்தாங்க. அவங்களால மட்டும் அப்படி ஒரே இடத்துல இருக்க எப்படி முடிஞ்சதுன்னு அந்த வட்டத்த வச்சே பிள்ளை சொல்லணும்.