உபுண்டுவில் வேர்ச்சுவல்பொக்ஸ் திறக்கவில்லையா? முதலில் கொம்பைலரைப் பாருங்கள்

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பாவித்த லாப்டொப். அதில் உபுண்டு 22.04. விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளுக்காக, உபுண்டுவுக்குள்ளேயே விண்டோஸை ஓடவிடும் வேர்ச்சுவல்பொக்ஸ். நேற்றுவரை ஓடியது, அப்டேட் போட்டபின் "கேர்னல் டிரைவர் நொட் இன்ஸ்டோல்ட், ஆர்சி=-1908" என்று பெட்டி வருகிறது. வேர்ச்சுவல்பொக்ஸை அழித்துவிட்டுத் திரும்ப நிறுவத்தான் கை போகும். வேண்டாம், இன்டர்நெட் டேட்டாதான் வீண்.

கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் தந்திருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். சிறுகோடுகளும் இடைவெளிகளும் இங்கே உள்ளபடியே வரவேண்டும்.

வற் கணக்கை இன்றே முடிக்கவேண்டிய அவசரமா? லாப்டொப்பை ரீஸ்டார்ட் செய்து, கம்பனி லோகோ மறையும்போது எஸ்கேப்பை ஒரே ஒரு தரம் தட்டுங்கள். பலதரம் தட்டினால் மெனு வராது, வெறும் 'க்ரப்' வரிதான் வரும். மெனுவில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்' போய் முந்தைய கேர்னலை (உபுண்டுவின் மையப் பகுதியை) தெரிவுசெய்தால் வேர்ச்சுவல்பொக்ஸில் விண்டோஸ் திறக்கும். மீதியை ஆறுதலாகப் பார்க்கலாம்.

காரணம் இதுதான். வேர்ச்சுவல்பொக்ஸின் 'விபொக்ஸ்ட்ரவ்' என்ற மொடியூல் (கேர்னலோடு இணையும் துண்டு), ஒவ்வொரு கேர்னலுக்கும் உங்கள் கணனியிலேயே கொம்பைல் ஆகவேண்டும், அதாவது மூலநிரலிலிருந்து கட்டப்படவேண்டும். அதைச் செய்யும் கொம்பைலர் ஜிசிசி. 22.04 உடன் வருவது ஜிசிசி 11. ஆனால் அப்டேட்டில் வந்த 6.5, 6.8 கேர்னல்களை உபுண்டு ஜிசிசி 12 இல் கட்டியிருக்கிறது. அந்தக் கேர்னல் கேட்கும் 'ட்ரிவியல்-ஓட்டோ-வார்-இனிட்' என்ற தெரிவு ஜிசிசி 12 இல்தான் முதலில் வந்தது. 11 க்கு அது விளங்காது, கொம்பைல் நின்றுவிடும். ஆக, பழுது வேர்ச்சுவல்பொக்ஸில் இல்லை.

1. உறுதிப்படுத்துங்கள். 'கேட் /ப்ரொக்/வெர்ஷன்' என்று தட்டினால் கேர்னலைக் கட்டிய கொம்பைலர் தெரியும். 'ஜிசிசி --வெர்ஷன்' உங்களிடம் இருப்பதைக் காட்டும். ஒன்றில் 12, மற்றதில் 11 என்றால் நோய் பிடிபட்டது.

2. 'சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் ஜிசிசி-12'. கூடவே 'சூடோ ஆப்ட் இன்ஸ்டோல் லினக்ஸ்-ஹெடர்ஸ்-$(யூநேம் -ஆர்)'. ஹெடர்ஸ் என்பவை மொடியூல் கட்டத் தேவையான கேர்னல் கோப்புகள், அவை இல்லாமல் எந்தக் கொம்பைலராலும் பயனில்லை.

3. மொடியூலைத் திரும்பக் கட்டுங்கள். வேர்ச்சுவல்பொக்ஸைத் தயாரிக்கும் ஒரக்கிள் தளத்தின் பொதி என்றால் 'சூடோ /எஸ்பின்/விபொக்ஸ்கொன்ஃபிக்'. உபுண்டுவின் பொதி என்றால் 'சூடோ டிபிகேஜி-ரீகொன்ஃபிகர் வேர்ச்சுவல்பொக்ஸ்-டிகேஎம்எஸ்'. இரண்டையும் ஒரே கணனியில் கலக்கவேண்டாம்.

ஒரக்கிள் பொதியில் மறுபடி பிழை வந்தால் '/வார்/லொக்/விபொக்ஸ்-செட்டப்.லொக்' கோப்பைத் திறந்து, 'எரர்' என்ற சொல் முதலில் வரும் இடத்தைப் படியுங்கள். கடைசி வரியில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, அது முதற்பிழையின் விளைவு மட்டுமே.

கொம்பைல் சரியாகியும் 'கீ வொஸ் ரிஜெக்டட்' என்று வருகிறதா? அது செக்யூர் பூட், கையொப்பமில்லாத மொடியூலை ஏற்காத பாதுகாப்பு. மொடியூலுக்குக் கையொப்பம் வேண்டும். உபுண்டுவின் பொதி நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும், குறைந்தது 8 எழுத்து. குறியீடுகள் சேர்க்காதீர்கள். அடுத்த நீலத் திரையில் விசைப்பலகை அமெரிக்க அமைப்பில் இருக்கும், குறிகள் இடம் மாறிவிடும். ரீஸ்டார்ட்டில் அந்தத் திரை வந்ததும் 'என்ரோல் மொக்', 'கன்டினியூ', 'யெஸ்', கடவுச்சொல். தேநீர் ஊற்றப் போய்விட்டால் திரை தானாகக் கடந்துவிடும், மறுபடி முதலிலிருந்து.

இனி, விண்டோஸ் திறந்தும் கணக்கு மென்பொருளின் யூஎஸ்பி டொங்கிள் (உரிமச் சாவி) தெரியவில்லை என்ற முறைப்பாடு. முதலில் 'சூடோ யூசர்மொட் -ஏஜி விபொக்ஸ்யூசர்ஸ் $யூசர்'. இந்த வரியில் மட்டும் 'ஜி' பெரிய எழுத்து, டொலர் குறிக்குப் பின் வரும் 'யூசர்' முழுவதும் பெரிய எழுத்து. சின்ன 'ஏ'யை விட்டால் நீங்கள் சூடோ குழுவிலிருந்தே வெளியே போய்விடுவீர்கள், கவனம். பிறகு லாப்டொப்பை ரீஸ்டார்ட் செய்யுங்கள், டெர்மினலை மூடித் திறப்பது போதாது.

அப்படியும் வராவிட்டால் பதிப்பைப் பாருங்கள். 22.04 களஞ்சியத்தில் உள்ள 6.1 பதிப்பில் யூஎஸ்பி 1.1 மட்டும்தான் அடிப்படையில் உண்டு. 2.0, 3.0 இரண்டுக்கும் 'எக்ஸ்டென்ஷன் பெக்' என்ற தனிக் கூடுதல் பொதி தேவை, அதன் பதிப்பு எண் வேர்ச்சுவல்பொக்ஸின் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். 2022 இல் வந்த 7.0 இலிருந்து இவை அடிப்படைப் பொதிக்குள்ளேயே வந்துவிட்டன. புதிதாகத் தொடங்குகிறவர் 7 ஐயே போடலாம். செட்டிங்ஸில் யூஎஸ்பி பகுதி மங்கித் தெரிந்தால் விண்டோஸ் 'சேவ்ட்' நிலையில் தூங்குகிறது. முழுதாக ஷட்டவுன் செய்தபின்தான் 3.0 ஐத் தெரிவுசெய்ய முடியும்.

7 இலும் வட்டு மறைகுறியாக்கம், தொலைத்திரை, லாப்டொப் கமெராவை உள்ளே எடுப்பது ஆகியவை எக்ஸ்டென்ஷன் பெக்கில்தான். அது தனிப்பட்ட பாவனைக்கும் படிப்புக்கும் மட்டுமே இலவசம். வாடிக்கையாளரின் அலுவலகக் கணனியில் போட்டால் உரிமம் வாங்கவேண்டும். அங்கே, இதேபோல் விண்டோஸை உள்ளே ஓடவிடும் கேவிஎம் நல்ல மாற்று: 2007 முதல் லினக்ஸ் கேர்னலுக்குள்ளேயே இருப்பதால், இந்தக் கொம்பைலர் தலையிடி அதற்கு இல்லை.