பிள்ளைகளுக்குக் கைவைத்தியம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை மாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடையில் "பிள்ளைக்கு உரைமருந்து" என்று கேட்டால் போதும். வசம்பு, சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் என்று ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். பேறுகாலத்துக்கு வந்த மகளைக் கவனித்துக்கொள்ளும் அம்மாச்சி அதை உரைகல்லில் இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து, பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டி முடித்ததும் நாக்கில் தடவுவார். தலைமுறை தலைமுறையாக நடப்பது இது. அதில் உள்ள அக்கறையை நான் மதிக்கிறேன். சளி பிடித்த நாலு வயதுப் பிள்ளைக்குத் தூதுவளை ரசம் வைப்பதையோ, கற்பூரவல்லி இலையை வாட்டிச் சாறு பிழிந்து கொடுப்பதையோ யாரும் தடுக்க வேண்டியதில்லை.

ஆனால் நாலு வயதுக்கு ஒத்துக்கொள்வது நாலு மாதத்துக்கு ஒத்துக்கொள்ளாது. நம் வீடுகளில் இலையின் பெயரும் வேரின் பெயரும் நன்றாகத் தெரியும். பிள்ளையின் வயதைத்தான் மறந்துவிடுகிறோம். கைவைத்தியத்தில் வரும் விபரீதம் பலவும் இங்கேதான் தொடங்குகிறது.

ஆறு மாதம் முடியும்வரை

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் சொல்கிறது, நம் ஊர் அங்கன்வாடியிலும் சொல்கிறார்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தும், வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசலும் மட்டும்தான் விதிவிலக்கு. சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து, மாதம் ஒரு முறை 'வயிறு கழுவ' என்று ஊற்றும் விளக்கெண்ணெய், தெருவில் கழுதையை ஓட்டி வந்து சங்கில் கறந்து கொடுக்கும் பால், இவை எதுவும் அந்த வயதில் வேண்டாம். காய்ச்சாத பாலில் என்ன கிருமி இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

"அழகர் ஆற்றில் இறங்குகிற நேரத்து வெயிலில் பிள்ளைக்கு நாக்கு வறளாதா, ஒரு மடக்கு தண்ணீர் கொடுத்தால் என்ன?" என்று கேட்பார்கள். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். சித்திரை வெயிலில் இன்னும் நாலு முறை கூடுதலாகப் பால் கொடுத்தால் போதும். தண்ணீர் கொடுத்தால் அந்தச் சின்ன வயிறு அதிலேயே நிறைந்து, பால் குடிப்பது குறையும்.

வசம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். இரண்டு இழைப்பு கூடிப் போனால் கைக்குழந்தை வாந்தி எடுத்தே சோர்ந்துவிடும். 'அளவாகத்தான் கொடுக்கிறோம்' என்கிறோம். கல்லில் இழைப்பதில் அளவு ஏது? அதே உரைகல்லைக் கழுவாமல் அலமாரியில் வைத்து மறுநாளும் எடுத்தால் கிருமியும் சேர்ந்துதான் நாக்குக்குப் போகிறது. கையில் கட்டும் வசம்பு வளையலும் இப்படித்தான். பிள்ளை கண்டிப்பாக வாயில் வைக்கும். மணி கழன்றால் தொண்டையில் சிக்கும்.

தேன் கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம், மலைத்தேன் என்றாலும் சரி, சுத்தமான தேன் என்றாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து கைக்குழந்தையின் குடலில் முளைத்து, நரம்பைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கும். பொட்டுலிசம் என்பார்கள். முதலில் மலச்சிக்கல் வரும், பிறகு அழுகைச் சத்தம் மெலியும், பால் சப்புவது குறையும், தலை நிற்காமல் தொங்கும். தேனை அடுப்பில் சூடாக்கினாலும் அந்த வித்து சாகாது. ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இரவில் இருமல் தொந்தரவு என்றால் அதே தேன் அரை டீஸ்பூன் நல்லதுதான். முன்பே சொன்ன வயதுக் கணக்கு இதுதான்.

மலச்சிக்கல் என்று நாம் நினைப்பதும் பல நேரம் மலச்சிக்கலே இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் வெளிக்குப் போகாமல் இருக்கும். போகும்போது இளக்கமாகப் போனால் கவலை வேண்டாம். அதற்குள் சோழவந்தான் வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, விளக்கெண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் வைத்துவிடுகிறோம். அந்த இடத்துத் தோல் எவ்வளவு மென்மையானது என்று யோசித்துப் பாருங்கள். வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தால் அது வேறு கதை. உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

கற்பூரம், தைலம், ஆவி

சளி என்றதும் தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைப் போட்டுக் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. கற்பூரம் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு நெஞ்சிலும் வேண்டாம், மூக்குக்குக் கீழேயும் வேண்டாம். வாய்க்குள் போனால் ஆபத்து இன்னும் பெரிது: சிறு துண்டு கற்பூரமே சின்னக் குழந்தைக்கு வலிப்பை வரவழைக்கும், அதுவும் சில நிமிடங்களில். சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் கற்பூர டப்பா இருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் எடுத்து மேலே வைத்துவிடுங்கள். தவழும் பிள்ளைக்கு அதற்கும் கற்கண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. விழுங்கிவிட்டால் விரலைவிட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம்; நேராக ஆஸ்பத்திரிதான்.

கொடைக்கானல் போய்விட்டு வரும்போது ஆளுக்கொரு பாட்டில் நீலகிரி தைலம் வாங்காமல் வருவதில்லை. ஒரு டீஸ்பூன் அளவு உள்ளே போனாலும் குழந்தை மயங்கிவிடக்கூடும். 'சளி கரையட்டும்' என்று சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டுக் கொடுக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும்.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் வாய் வைத்து ஊதுவது இரண்டும் தவறு. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கி அங்கேயே தங்கி நிமோனியாவாக மாறும். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும், விலையும் குறைவு. குளித்த பிறகு அறையைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போடுவதும் இழுப்பு வரும் பிள்ளைக்கு ஆகாது. ஆவி பிடிக்க வைப்பதால் சளி பெரிதாகக் குறைவதில்லை. கொதிக்கும் பாத்திரம் மடியில் கவிழ்ந்து வெந்துபோகும் பிள்ளைகள்தான் அதிகம்.

இருமல் சிரப் மேல் இப்போது எல்லோருக்கும் பயம் இருக்கிறது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த சிரப் குடித்துக் குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாது. இரண்டு வயதுக்குள் இருமல் சிரப்பே வேண்டாம், ஐந்து வயதுக்குக் கீழேயும் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. அதனால் கைமருந்தோடு பொறுத்திருப்பது சரிதான். ஆனால் பொறுத்திருக்கும்போது மூச்சை எண்ணுங்கள். பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த எண்ணிக்கையோ அதற்கு மேலோ வந்தால், அல்லது மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால், தூதுவளையோ துளசியோ அதற்கு மருந்தாகாது.

வயிற்றுப்போக்கு

என் கணக்கில் கைவைத்தியத் தவறுகளில் மிகவும் வருத்தமானது இதுதான், ஏனென்றால் இதற்கான மருந்து அநேகமாக இலவசமாகவே கிடைக்கிறது.

"வயிற்றைக் காயப்போடு, தானாக நிற்கும்" என்பது முதல் தவறு. பிள்ளையைக் கொல்வது கிருமியைவிட உடம்பில் இருந்து போகும் தண்ணீரும் உப்பும்தான். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சாப்பிடும் பிள்ளைக்கு அரிசிக் கஞ்சி, இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம் எல்லாம் கொடுக்கலாம். மாதுளைத் தோல் கஷாயமும் கடுங்காப்பியும் போக்கை நிறுத்துகிறதோ இல்லையோ, போன உப்பைத் திருப்பித் தராது. இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப முடியாது.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, நரம்பில் ஏற்ற மருந்து தீர்ந்துபோய், டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் தண்ணீரில் கரைத்து வாய்வழியே கொடுக்கவைத்துப் பெருவாரியான உயிர்களைக் காப்பாற்றினார். அதுதான் இன்றைய ஓ.ஆர்.எஸ். இவ்வளவு எளிய மருந்திலும் நாம் தவறுகிறோம். பெரிய பாக்கெட் 1 லிட்டர் தண்ணீருக்கு. சிறிய பாக்கெட் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் கொட்டி ஒரு டம்ளரில் கலக்கினால் உப்பு கூடி ஆபத்தாகும், அதிகத் தண்ணீரில் கலக்கினால் பயன் இருக்காது. பாலிலோ ஜூஸிலோ கலக்கக் கூடாது. கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள்.

கடையில் அட்டை டப்பாவில் வரும் இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்கியவர்கள் ஏராளம். சர்க்கரை மிகுந்த அந்தப் பானம் போக்கை அதிகப்படுத்தும். அவற்றின் மேல் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பாக்கெட்டை ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே கேட்டு வாங்கலாம். கூடவே ஜிங்க் மாத்திரையும் தருவார்கள். போக்கு நின்றாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளே மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

கண் குழி விழுவது, அழுதால் கண்ணீர் வராதது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மலத்தில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

காய்ச்சல், அம்மை, காமாலை

மூன்று மாதத்துக்குள் உள்ள பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்தக் கைமருந்தும் வேண்டாம், அன்றைக்கே டாக்டர். பெரிய பிள்ளைக்கு நிலவேம்புக் குடிநீர் கொடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது, பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். "கஷாயம் கொடுத்தோம், காய்ச்சல் விட்டுப்போச்சு" என்று நிம்மதியாக இருக்கும் அந்த நேரத்தில்தான் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டு கிடப்பது இவற்றைக் கவனிக்க வேண்டும். கசப்பு தாங்காமல் வாந்தி எடுத்து, தண்ணீரும் குடிக்க மறுக்கும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். கம்பளியில் சுற்றுவதும் ஐஸ் தண்ணீரில் துடைப்பதும் வேண்டாம். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை.

அம்மை போட்டால் வேப்பிலை கட்டுங்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தண்ணீர் ஊற்றும் நாளும் பாருங்கள். எதுவும் தவறில்லை. டாக்டரிடம் காட்டினால் ஆத்தா கோபிப்பாள் என்பது மட்டும்தான் தவறு. மணல்வாரி அம்மைக்கு வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுக்க வேண்டும். பிள்ளையின் கண்ணைக் காப்பது அதுதான். ஆஸ்பிரின் கூடவே கூடாது.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தட்டினால் கீழாநெல்லி அரைத்து ஊற்றுவதும் காலை வெயிலில் காட்டுவதும் போதாது. பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும் நீல விளக்கில் வைக்க வேண்டியிருக்கும். தாமதித்தால் மூளை பாதிக்கும். இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் இருந்து, மலம் சுண்ணாம்பு நிறத்தில் போனால், பித்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். அதற்கான அறுவைச் சிகிச்சை பிறந்து 60 நாளுக்குள் நடந்தால் பலன் அதிகம். பச்சிலைக்கும் பத்தியத்துக்கும் செலவழிக்கும் ஒவ்வொரு வாரமும் அந்த 60 நாளில் இருந்துதான் கழிகிறது.

தொக்கம் எடுப்பது

சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது என்றால் தொக்கம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போகும் வழக்கம் நம் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறது. குழாய் வைத்து ஊதியும் தொண்டையை அமுக்கியும் 'சிக்கியதை' எடுத்துக் காட்டுவார்கள். நன்றாக விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென்று இருமலும் மூச்சுத் திணறலும் வந்தால், வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழாயில் போயிருக்கலாம். அதை ஊதி எடுக்க முடியாது. கருவி விட்டுத்தான் எடுக்க வேண்டும். தொண்டைக்குள் விரலை விட்டுத் துழாவினால் இன்னும் உள்ளே போகும். இந்த நிலையில் தொக்கம் எடுப்பவரைத் தேடி அலையாமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக நம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அப்புறம், ஆஸ்பத்திரியில் "வீட்டில் என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் திட்டுவார்களோ என்று பயந்து "ஒன்றும் கொடுக்கவில்லை" என்று சொல்லிவிடுகிறோம். வசம்பு கொடுத்ததால் வந்த வாந்தியா, கற்பூரத்தால் வந்த வலிப்பா என்று தெரியாமல் டாக்டர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். கொடுத்தது எதுவானாலும், எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். மிச்சம் இருக்கும் பொட்டலத்தையோ தைல பாட்டிலையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். கொடுத்தது அப்பத்தா என்றால் அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம்; அளவு அவருக்குத்தான் தெரியும்.