பிரிட்டிஷ் காமெடி பார்க்கும் அமெரிக்க ரசிகர் எங்கே தவறவிடுகிறார்?

1974-இல் டல்லாஸ் நகரின் கேஈஆர்ஏ என்ற பொதுத் தொலைக்காட்சி நிலையம் 'மான்ட்டி பைத்தான்ஸ் ஃப்ளையிங் சர்க்கஸ்' என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடரை ஒளிபரப்பியது. அதன் பிறகு பிபிஎஸ் என்ற அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சி அமைப்பின் நிலையங்கள் வழியாக பிரிட்டிஷ் நகைச்சுவை அமெரிக்க வீடுகளுக்குள் நிலையாக இடம்பிடித்துவிட்டது. ஆனாலும் ஆசையோடு உட்கார்ந்து இரண்டே அத்தியாயங்களில் எழுந்துவிடுபவர்கள் நிறைய. பெரும்பாலும் குறை தொடரில் இல்லை. கையில் கிடைத்த பிரதி, தொடங்கிய இடம், மனத்தில் வைத்திருந்த எதிர்பார்ப்பு ஆகியவற்றில் ஏதோ ஒன்று பிசகியிருக்கும்.

முதலில் பிரதி. பிபிசியில் விளம்பரம் கிடையாது; அங்கே அரைமணி நேர நிகழ்ச்சி என்றால் ஏறக்குறைய 29 நிமிடம் ஓடும். அமெரிக்க வணிகச் சேனலின் அரைமணியில் நிகழ்ச்சிக்குக் கிடைப்பது 22 நிமிடம்தான். மிச்சம் ஏழெட்டு நிமிடத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். 'ஃபால்ட்டி டவர்ஸ்' போன்ற தொடரில் இந்த வெட்டு உயிரையே எடுத்துவிடும். அதில் முதல் பத்து நிமிடத்தில் சாதாரணமாக வந்துபோகும் ஒரு பொய்யும் ஒரு தவறான புரிதலும்தான் கடைசி ஐந்து நிமிடத்தில் வெடிக்கும். விதைத்த காட்சி போய்விட்டால் முடிவு வெறும் கூச்சலாகவே தெரியும். 1975-இல் அமெரிக்க வணிகச் சேனலான ஏபிசி மான்ட்டி பைத்தான் அத்தியாயங்களின் 90 நிமிடத்தில் 24 நிமிடத்தை வெட்டி ஒளிபரப்பியபோது அந்தக் குழுவினர் வழக்கே தொடுத்தார்கள். 1976-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது.

ஆகவே பார்ப்பதற்கு முன் ஓடும் நேரத்தைக் கவனியுங்கள். பழைய பிபிசி தொடர் 22, 23 நிமிடம் என்று காட்டினால் அது வெட்டுப்பட்ட பிரதி. பிரிட்டனின் ஐடிவி, சேனல் 4 ஆகிய சேனல்களின் தொடர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே விளம்பர இடைவேளை உண்டு. 'தி ஐடி க்ரவுட்' 24 நிமிடத்தை ஒட்டி ஓடினால் அதுவே முழு அத்தியாயம்.

பிரிட்டனிலிருந்து டிவிடி வரவழைப்பவர்கள், டிஸ்க் எந்த நாடுகளில் ஓடும் என்று பூட்டுப் போடும் 'ரீஜன்' எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். பிரிட்டன் ரீஜன் 2, அமெரிக்கா ரீஜன் 1. ரீஜன் பூட்டு இல்லாத பிளேயர் வாங்கியும் படம் வராமல் போவதற்குக் காரணம், பிரிட்டிஷ் டிஸ்க் 'பால்' (PAL) என்ற அந்நாட்டு டிவி முறையில், நொடிக்கு 25 ஃப்ரேம் என்று பதிவானது. அமெரிக்க டிவிகளில் பல, 'என்டிஎஸ்சி' (NTSC) என்ற தங்கள் நாட்டு முறைக்கு மட்டுமே பழகியவை. பால் சிக்னலை என்டிஎஸ்சியாக மாற்றித் தரும் பிளேயராகப் பார்த்து வாங்க வேண்டும். ப்ளூ-ரேயிலும் ரீஜன் பி என்ற தடையைத் தாண்டிய பிறகு 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை மாறும் படம்) சிக்கல் காத்திருக்கும். கணினியில் பார்க்கலாம் என்றால், டிவிடி டிரைவின் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது மாற்றத்தோடு அது நிலைத்துவிடும்.

அடுத்தது சொல் குழப்பம். அமெரிக்கர் 'சீசன்' என்பதை பிரிட்டிஷார் 'சீரீஸ்' என்கிறார்கள். உறையில் 'கம்ப்ளீட் சீரீஸ் 1' என்று இருந்தால் தொடர் முழுவதும் உள்ளே இருப்பதாக நம்பி வாங்கிவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் ஸ்பெஷலை இலவச இணைப்பாக நினைத்துத் தாண்டிப்போவதும் பெரிய இழப்பு. பிரிட்டிஷ் 'தி ஆஃபீஸ்' 12 அத்தியாயங்களோடு முடியவில்லை. 2003 டிசம்பரில் வந்த இரண்டு ஸ்பெஷல்களில்தான் கதை முடிகிறது.

எல்லாவற்றையும் முதல் சீரீஸிலிருந்தே தொடங்க வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். 'பிளாக்ஆடர்' அதற்குச் சரியான உதாரணம். 1983-இல் வந்த முதல் சீரீஸில் ரோவன் அட்கின்சன் நடித்த நாயகன் எட்மண்ட் ஒரு அசடு. வேலைக்காரன் பால்ட்ரிக்தான் விவரமானவன். 1986-இல் பென் எல்ட்டன் எழுத்தில் சேர்ந்த பிறகு இது தலைகீழானது: எட்மண்டுக்குக் கூர்மையான நாக்கு வந்தது, பால்ட்ரிக் மடையனானான். மக்கள் கொண்டாடும் பிளாக்ஆடர் இதுதான். இரண்டாவது சீரீஸில் தொடங்குங்கள். ஒவ்வொரு சீரீஸும் வேறு நூற்றாண்டில் நடப்பதால் எதுவும் விட்டுப்போகாது. நான்காவது மட்டும் கடைசியில் இருக்கட்டும். முதல் உலகப் போர்ப் பதுங்குகுழியில் நடக்கும் அதன் இறுதி நிமிடங்களின் கனம், அதுவரை அந்த முகங்களோடு சிரித்தவர்களுக்குத்தான் இறங்கும்.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்தவரும் சறுக்கும் இடம் நாயகன். அவன் திருந்துவான், கடைசியில் ஜெயிப்பான் என்று அமெரிக்க ரசிகர் காத்திருக்கிறார். 'ஃபால்ட்டி டவர்ஸ்' நாயகன் பேசில் ஃபால்ட்டி திருந்துவதே இல்லை. தன்னை உயர்ந்தவனாக நினைத்துக்கொள்ளும் ஒருவன், தான் வெறுக்கும் விருந்தாளிகளுக்கே சேவை செய்ய வேண்டிய ஹோட்டலில் அடைபட்டுக் கிடக்கிறான். அந்தக் கூண்டுதான் சிரிப்பின் ஊற்று. கூண்டைத் திறந்துவிட்டால் நகைச்சுவையும் பறந்துவிடும். ஜான் கிளீஸும் கானி பூத்தும் இருவரே உட்கார்ந்து இந்தத் தொடரை எழுதி, 1975-இல் ஆறு, 1979-இல் ஆறு என்று 12 அத்தியாயங்களோடு நிறுத்தியதற்கும் இந்த இறுக்கத்துக்கும் தொடர்பு உண்டு. ஆண்டுக்கு இருபதுக்கும் மேல் எடுக்கும் தொடரில் ஒரு மனிதனை இவ்வளவு சகிக்க முடியாதவனாக வைத்திருக்க முடியாது. அமெரிக்க மறுஆக்கமான 'தி ஆஃபீஸ்' தன் முதல் ஆறு அத்தியாயங்களுக்குப் பிறகு அலுவலக மேலாளர் மைக்கேல் ஸ்காட்டை இளக்கியது அதனால்தான். 201 அத்தியாயங்கள் ஓடிய அந்தத் தொடரில் ஏழாவது சீசன் வரை அவனோடு வாழ வேண்டியிருந்தது. இரண்டும் நல்ல தொடர்கள். ஆனால் பிரிட்டிஷ் 'தி ஆஃபீஸ்' மேலாளர் டேவிட் பிரென்ட்டிடம் மைக்கேலைத் தேடினால் சங்கடம் மட்டுமே மிஞ்சும்.

வர்க்கம் புரியாமல் பார்ப்பதும் உண்டு. 'கீப்பிங் அப் அப்பியரன்சஸ்' நாயகி ஹயாசின்த், 'பக்கெட்' என்ற கணவர் குடும்பப் பெயரை 'பூக்கே' என்று உச்சரிக்கச் சொல்வது வெறும் பெயர்ச் சிரிப்பு அல்ல. ஏழைத் தங்கைகளின் வீட்டிலிருந்து ஏறி வந்த பெண், எந்த நொடியும் கீழே இழுக்கப்படலாம் என்று நடுங்குகிறாள். அவளுடைய போன் குரலும் விலையுயர்ந்த கோப்பைகளும் அந்தப் பயத்தின் கவசம்.

'எஸ் மினிஸ்டர்' வேறு வகைச் சிக்கல். அமெரிக்காவில் அதிபர் மாறினால் ஆயிரக்கணக்கான உயர்பதவிகளில் ஆட்கள் மாறுவார்கள். பிரிட்டனில் அமைச்சர் வருவார், போவார். செயலாளர் அசைய மாட்டார். தொடரில் வரும் செயலாளர் சர் ஹம்ப்ரியின் பலமே இதுதான். கோட்டையில் ஐஏஎஸ் செயலாளர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம், அந்த ஏற்பாடு இங்கே வந்ததும் பிரிட்டிஷாரிடமிருந்துதான். அமெரிக்க நண்பருக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பழைய தொடர்களில் வீட்டுக்குள் பளிச்சென்றும் வாசலுக்கு வெளியே மங்கலாகவும் படம் மாறுவதைப் பிரதியின் கோளாறு என்று நினைக்க வேண்டாம். உள்காட்சிகள் ஸ்டூடியோவில் வீடியோ டேப்பில், வெளிக்காட்சிகள் 16 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. ஃபிலிம் பகுதியை முன்பே எடுத்து, ஸ்டூடியோ பார்வையாளர்களுக்குத் திரையிட்டு, அவர்கள் சிரிப்பைப் பதிவு செய்தார்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் 'இங்கிலீஷ் காமெடி' என்று அழைப்பது. 'ஸ்டில் கேம்' கிளாஸ்கோவின் ஸ்காட்டிஷ் பேச்சு, 'டெரி கேர்ள்ஸ்' வட அயர்லாந்து. 'ஃபாதர் டெட்' லண்டன் சேனலுக்காகத் தயாரானாலும் அயர்லாந்துக்காரர்கள் எழுதி நடித்தது. இந்தப் பேச்சுகளுக்குக் காது பழகும்வரை, முதல் இரண்டு அத்தியாயங்களுக்கு சப்டைட்டில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதில் அணைத்துவிடுங்கள். நடிகர் வாய் திறப்பதற்கு முன்பே அது நகைச்சுவையைச் சொல்லிவிடுகிறது.