டிசம்பரில் நாளுக்கு ஓர் அதிகாரம்

டிசம்பர் பிறந்ததுமே தள்ளுபடி விளம்பரங்கள் வரிசைகட்டி வந்துவிடும். வாங்க வேண்டியவற்றின் பட்டியல் நீள நீள, கிறிஸ்துமஸ் யாருடைய பிறந்தநாள் என்பதே மறந்துபோகிறது.

இதற்கு ஓர் எளிய வழி உண்டு. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் பைபிள் நூலான லூக்கா நற்செய்தியில் சரியாக 24 அதிகாரங்கள். 1ஆம் தேதி தொடங்கி, சாப்பிட்டு முடித்ததும் வீட்டில் யாராவது ஒருவர் தினம் ஓர் அதிகாரத்தைச் சத்தமாக வாசியுங்கள். 24ஆம் தேதி இரவு இயேசுவின் வாழ்க்கை முழுவதையும் கேட்டிருப்பீர்கள். முதல் அதிகாரம் மட்டும் 80 வசனங்கள். சின்னப் பிள்ளைகள் நெளிவார்கள், பாதியைக் காலையில் முடித்துவிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் என்ன, மறுநாள் இரண்டாக வாசித்துக்கொள்ளலாம்.

பிறப்பு நிகழ்ச்சி 2ஆம் அதிகாரத்திலேயே வந்துவிடும். அதனால் 24 இரவு, அதன் முதல் 20 வசனங்களை மறுபடி வாசியுங்கள். சத்திரத்தில் இடமில்லை, முதல் செய்தி போனது இரவில் கிடை காத்த மேய்ப்பர்களுக்கு. பரிசுப் பொட்டலங்களுக்கு நடுவே உட்கார்ந்து இதைக் கேட்பது வேறு மாதிரி இருக்கும்.

அப்புறம், கிறிஸ்துமஸ் குடில் வைப்பவர்கள் 24 இரவுவரை, குழந்தை இயேசுவைக் கிடத்தும் தீவனத் தொட்டியைக் காலியாகவே விட்டுவையுங்கள். 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் புனிதர் அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலுக்கு வைக்கோலும் ஒரு மாடும் கழுதையும் போதுமானதாக இருந்தன.