கூடுகிற பசங்க வேறு, வாக்காளர் பட்டியல் வேறு

போன வாரம் ஒரு தம்பி வந்திருந்தான். ஏரியாவில் தண்ணீர் புகுந்தால் முதலில் இறங்குபவன், ரத்தம் வேண்டுமென்றால் நாலு பேரைக் கூட்டி வருபவன். அடுத்த சென்னை மாநகராட்சித் தேர்தலில் கவுன்சிலர் பதவிக்குச் சுயேச்சையாக நிற்கிறானாம். "இளைஞர் ஓட்டு மொத்தமும் நமக்குத்தான் அண்ணா" என்றான். 2022-ல் இதையே சொல்லிக்கொண்டு அலைந்து டெபாசிட்டைப் பறிகொடுத்தவன் நான். காசு கொடுக்காதே, அடுத்தவர் சுவரில் எழுதாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் நிற்கவே வேண்டாம். நிற்கிறவர் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

பட்டியலைப் பார்க்காமல் தலையை எண்ணுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலம் சுமந்ததில் தொடங்கியது எங்கள் குழு. பிறகு ஃபுட்பால், மாலை நேர டியூஷன், ரத்ததானம். பிரசாரத்தின் முதல் நாள் தெருவை அடைத்துக்கொண்டு பைக்குகள் வந்தன. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஓட்டுப்பதிவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, பூத் சிலிப் எழுத வாக்காளர் பட்டியலை விரித்தோம். எங்கள் பசங்க பெயரைத் தேடத் தேட வயிறு கலங்கியது. ஞாயிறு தவறாமல் விளையாட வருகிறவர்களில் பாதிப் பேரின் குடும்பம் ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் குடியிருப்புக்குப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. மேன்ஷனில் தங்கியிருந்தவர்களுக்கு ஓட்டு தென்காசியிலும் திருவண்ணாமலையிலும். சிலருக்குத் தெருவின் எதிர் வரிசையில் வீடு. அது பக்கத்து வார்டு. எல்லாவற்றையும் விட மோசம், பத்தொன்பது இருபது வயதுப் பசங்க பலர் பெயரே சேர்க்கவில்லை. "காலேஜ் ஐடி இருக்கே, போதாதா?" என்று ஒருவன் கேட்டான்.

பெயர் சேர்க்கும் முகாம் எங்கே நடந்தது தெரியுமா? நாங்கள் நோட்டுப் புத்தகம் கொடுத்த அதே பள்ளியில். முகாமில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். எங்களில் ஒருவன்கூடப் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 வாங்கவில்லை.

உள்ளாட்சிக்கான பட்டியல் சட்டமன்றப் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. அதில் இல்லாதவர் இதிலும் இல்லை. 2022-ல் ஜனவரி 28 வேட்புமனு தொடங்கியது, பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு. அந்த மூன்று வாரத்தை நம்பிப் பெயர் சேர்க்க ஓடக் கூடாது. இப்போதே செய்யுங்கள். 17 வயது முடிந்தவரே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்; 18 நிறைவைக் கணக்கிட ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் என வருடத்துக்கு நான்கு வாய்ப்பு உண்டு. வீடு மாறியவருக்குப் படிவம் 8.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா? 2022-ல் சென்னையில் பதிவானது சுமார் 43 சதவீதம்தான். காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்றவர்கள் அம்மாக்களும் பாட்டிகளும். எங்கள் பசங்க தூங்கிக்கொண்டிருந்தார்கள். இளைஞர்களுக்காக நிற்கிறவர் முதலில் பேச வேண்டியது அவர்களுடைய அம்மாவிடம். மைதானத்துக்கு விளக்கு வேண்டும் என்பதைப் பையனை விட, அவன் வரும்வரை வாசலைப் பார்த்து நிற்கிறவர் சட்டென்று புரிந்துகொள்வார்.

கவுன்சிலர் கையில் இல்லாததை வாக்குறுதியாகக் கொடுப்பது

"இளைஞர்களுக்கு வேலை" என்று நோட்டீஸ் அடித்தேன். ஒரு பாட்டி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "வேலை கெடக்கட்டும்பா, மொதல்ல அந்தக் கம்பத்து லைட்டை எரிய வை" என்றார். அவர் சொன்னதுதான் சரி. தெருவிளக்கு, குப்பை, மழைநீர் வடிகால், பூங்கா, விளையாட்டுத் திடல், மாநகராட்சிப் பள்ளி, இவைதான் ரிப்பன் மாளிகையின், அதாவது மாநகராட்சியின் வேலை. குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் என்ற தனி வாரியத்தின் வேலை. கவுன்சிலர் அங்கே போய்ச் சண்டைதான் போட முடியும். இளைஞர்களுக்கு என்றால் பூட்டிக் கிடக்கும் திடலைத் திறப்பதாகச் சொல்லுங்கள். எந்தத் திடல், எத்தனை மணி வரை என்பதோடு.

ஒதுக்கீட்டை மறப்பது

200 வார்டில் 100 பெண்களுக்கு. நீங்கள் வருடக்கணக்கில் உழைத்த வார்டும் அதில் வரலாம். வந்தால் அக்காவை நிறுத்திவிட்டுப் பின்னாலிருந்து ஆட்டிவைக்கும் யோசனை வேண்டாம். குழுவில் உழைத்த பெண் யாரோ, அவர் நிற்கட்டும்.

சின்னம் வருமுன் நோட்டீஸ் அடிப்பது

அடிக்காதீர்கள். மனு வாபஸ் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம். போன முறை அதன் பிறகு ஓட்டுப்பதிவுக்கு இருந்தது 12 நாள்.

வயது

வேட்பாளருக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும். 18 அல்ல.

முன்மொழிபவர்

வேட்புமனுவை முன்மொழிய நெருங்கிய நண்பன் என்பது தகுதி ஆகாது. அதே வார்டில் ஓட்டு உள்ளவராக இருக்க வேண்டும். வேட்பாளருக்கு மாநகராட்சிக்குள் எந்த வார்டில் ஓட்டு இருந்தாலும் போதும்.

இதைச் சொன்னதும் அந்தத் தம்பி அங்கேயே போனில் தன் பெயரைத் தேடினான். பழைய வீட்டு முகவரியில், வேறு வார்டில் இருந்தது. "அப்போ நான் நிக்கலாமா அண்ணா?" என்றான். தாராளமாக நிற்கலாம், ஆனால் உன் ஓட்டே உனக்குக் கிடையாது என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் படிவம் 8 எங்கே கிடைக்கும் என்று கேட்டான்.