சாதாரண சைக்கிளில் பின்சக்கர ஹப் மோட்டார் பொருத்துவது எப்படி?

நான் வேலைக்குப் போவது திருப்பரங்குன்றத்திலிருந்து சிம்மக்கல்லுக்கு. போக வர சுமார் 17 கிலோமீட்டர். சித்திரை வெயிலில் பெடலை மிதித்துக்கொண்டு போய் வேர்த்து ஒழுக நாற்காலியில் உட்கார முடியாமல்தான் என் பழைய கியர் சைக்கிளில் ஹப் மோட்டார், அதாவது சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் மின்மோட்டார், பொருத்தினேன். பிறகு அப்பாவின் சைக்கிள், அதற்குப் பிறகு பக்கத்து வீட்டு அண்ணனின் சைக்கிள் என்று மூன்று ஆகிவிட்டது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த யாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடக்கூடிய வேலை இது. வயர் இணைப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். உண்மையில் அது சுலபம். கவனம் முழுக்க இருக்க வேண்டிய இடம் பின்சக்கர அச்சு. அதனால் அந்தப் பகுதியை மட்டும் நீட்டி எழுதியிருக்கிறேன்.

கிட் வாங்குவதற்கு முன்

கிட் என்பது மோட்டார் சக்கரமும் அதோடு மாட்ட வேண்டிய சாமான்களும் சேர்ந்த தொகுப்பு. அதை வாங்குவதற்கு முன் உங்கள் சைக்கிளை அளந்துகொள்ளுங்கள். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இரண்டு பிளவுகளுக்கும் நடுவே உள்ள உள்பக்க இடைவெளியை அளக்க வேண்டும். இந்தப் பிளவுள்ள தகட்டைத்தான் டிராப்அவுட் என்கிறார்கள். கியர் சைக்கிள்களில் பெரும்பாலும் 135 மி.மீ. இருக்கும். கடைகளில் கிடைக்கும் பின்சக்கர மோட்டார்களும் அந்த அளவுக்கே வருகின்றன. கியர் இல்லாத பழைய சைக்கிள்களில் இடைவெளி இதைவிடக் குறைவு. இரும்பு ஃபிரேமாக இருந்தால் சைக்கிள் கடையில் கொஞ்சம் விரித்துத் தருவார்கள். அலுமினியம் ஃபிரேமை ஒருபோதும் விரிக்காதீர்கள், அது வளையாது, விரிசல் விடும்.

அடுத்தது ரிம் அளவு. டயரின் பக்கவாட்டில் 26 இன்ச், 27.5, 700சி, 28 என்று எழுதியிருக்கும். மோட்டார் ரிம்மோடு போக்ஸ் கம்பி கட்டியே வருவதால் அதே அளவில் கேளுங்கள். மோட்டார் எந்த அளவுச் சக்கரத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதும் முக்கியம். 26 இன்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.07 மீட்டர் ஓடும். மணிக்கு 25 கிலோமீட்டர் போக, நிமிடத்துக்கு 200 சுற்று போதும்.

அந்த 25 கிலோமீட்டர் கணக்குக்குக் காரணம் உண்டு. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 250 வாட்டுக்குக் குறைவான திறனும் 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகமும் உள்ள மின்சார சைக்கிள் மோட்டார் வாகனக் கணக்கில் வராது. பதிவு எண்ணும் ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். 350 வாட், 500 வாட் கிட்டுகளும் தாராளமாக விற்கப்படுகின்றன. அதை மாட்டிவிட்டு நாளை ஒரு விபத்து நடந்தால் உங்கள் பக்கம் சட்டம் நிற்காது. சாதாரண சைக்கிளின் பிரேக்கும் ஃபிரேமும் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டவையும் அல்ல.

மோட்டாரில் இரண்டு வகை. உள்ளே பல்சக்கரம் உள்ள கியர்டு ஹப் சிறியது, எடை குறைவு. மோட்டாரை நிறுத்தினால் சாதாரண சைக்கிளைப் போலத் தடையில்லாமல் உருளும். பல்சக்கரம் இல்லாத டைரக்ட் டிரைவ் பெரியது, எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. பேட்டரி தீர்ந்தபின் மிதித்தால் காந்தம் பிடித்து இழுப்பதை உணரலாம். முதல்முறை செய்பவர்களுக்கு அந்த 250 வாட் வரம்புக்குள் வரும் 36 வோல்ட் கியர்டு ஹப்பைத்தான் சொல்வேன்.

பேட்டரியில் காசைச் சுருக்காதீர்கள். 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி என்றால் 360 வாட்-மணி. கொஞ்சம் மிதித்துக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு சுமார் 12 வாட்-மணி செலவாகும், அதாவது 30 கிலோமீட்டர் போகலாம். மிதிக்காமல் ஆக்சிலேட்டரை மட்டும் திருகிக்கொண்டு போனால் கணிசமாகக் குறையும். ஒருமுறை முழுச் சார்ஜுக்கு அரை யூனிட் மின்சாரம்கூட ஆகாது. உள்ளே பி.எம்.எஸ். என்கிற பாதுகாப்புப் பலகை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சார்ஜரையும் பேட்டரியோடு சேர்த்தே வாங்க வேண்டும். 10 செல் அடுக்கிய லித்தியம் அயன் பேட்டரிக்கு 42 வோல்ட் சார்ஜர். 12 செல் அடுக்கிய லித்தியம் ஃபாஸ்பேட் பேட்டரிக்கு 43.8 வோல்ட். இரண்டும் ஒரே மாதிரிப் பெட்டியில்தான் வரும், மாற்றிச் செருகினால் ஆபத்து.

பழைய சக்கரத்திலிருந்து புதுச் சக்கரத்துக்கு

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைச் சின்ன பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். டயர், டியூப், ரிம் டேப் மூன்றையும் மோட்டார் ரிம்முக்கு மாற்றுங்கள். மோட்டார் ரிம்மில் போக்ஸ் முனை ஏதாவது துருத்திக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதை விட்டால் வாரம் ஒரு பஞ்சர் நிச்சயம்.

சாதாரண கிட்டுகளின் மோட்டாரில் மரை போட்டுத் திருகும் பின்பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீல்தான் ஏறும். உங்கள் பழைய சக்கரத்தில் கேசட் (மரையில்லாமல் செருகி மாட்டும் பல்சக்கரத் தொகுதி) இருந்தால் அது இதில் பொருந்தாது. அதே எண்ணிக்கைப் பல்சக்கரம் உள்ள ஃப்ரீவீல் ஒன்றைப் புதிதாக வாங்கிவிடுங்கள். மரையில் கிரீஸ் தடவிக் கையால் திருகினாலே போதும். நான்கு மிதி மிதித்தால் தானாக இறுகிக்கொள்ளும். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால், டிஸ்க்கை மோட்டாரில் மாட்டியபின் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் மோட்டார் மூடியில் உரசாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிம் பிரேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

அச்சு: இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்

சாதாரண சைக்கிளில் அச்சுக்கு எடையைத் தாங்குவது மட்டும்தான் வேலை. சக்கரம் அதைச் சுற்றி உருளும், அது பேசாமல் நிற்கும். ஹப் மோட்டாரில் அப்படி இல்லை. மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும்போது அதே அளவு முறுக்கத்தோடு அச்சைப் பின்னோக்கித் திருகுகிறது. அச்சு திரும்பாமல் பிடித்து நிறுத்துவது அதன் இரு பக்கமும் தட்டையாகச் சீவியிருக்கும் 10 மி.மீ. பகுதியும் டிராப்அவுட் பிளவும் மட்டும்தான்.

இதில் எவ்வளவு விசை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மோட்டார் மேட்டில் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கம் தருகிறது என்று வையுங்கள். அது 10 மி.மீ. அகலத்துக்குள் தாங்கப்படும்போது பிளவின் விளிம்பில் விழும் விசை 3,000 நியூட்டன், ஏறக்குறைய 300 கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொரு முறை ஆக்சிலேட்டரைத் திருகும்போதும் அந்த 300 கிலோ மெல்லிய தகட்டை விரிக்கப் பார்க்கும். இரும்பு கொஞ்சம் கொஞ்சமாக வளையும். அலுமினியம் முன்னறிவிப்பு இல்லாமல் உடையும்.

இதற்காகத்தான் டார்க் ஆர்ம் என்ற இரும்புப் பட்டை. ஒரு முனையில் அச்சின் தட்டைப் பகுதி சரியாக நுழையும் துளை இருக்கும். மறுமுனையை 10 செ.மீ. தள்ளி ஃபிரேமில் கிளாம்ப் போட்டுக் கட்டுவோம். நெம்புகோல் நீளம் பத்து மடங்கானதும் அங்கே விழும் விசை 30 கிலோவாகக் குறைந்துவிடும்.

என் முதல் சைக்கிளில் நான் இதை மாட்டவில்லை. கிட் விற்ற கடையில் 250 வாட்டுக்குத் தேவையில்லை என்றார்கள், நம்பினேன். மூன்றாவது வாரம் பழங்காநத்தம் பாலம் ஏறும்போது டக்கென்று ஒரு சத்தம், மோட்டார் நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால் அச்சு பிளவுக்குள்ளேயே சுழன்று, வயரைக் கயிறு முறுக்குவதுபோல முறுக்கி அறுத்திருந்தது. சக்கரம் கழன்று விழாதது என் நல்ல நேரம். பின்னால் பேருந்து வந்துகொண்டிருந்தது. டார்க் ஆர்மின் விலை கிட்டின் விலையில் ஒரு சிறு பங்குதான். கிட்டில் வராவிட்டால் தனியாக வாங்கி மாட்டுங்கள்.

மாட்டும் வரிசை இப்படி. வயர் அச்சின் ஒரு முனை வழியாக வெளியே வரும். அந்தப் பக்கத்து வாஷர், நட்டு எல்லாவற்றையும் வயர் வழியாகக் கோத்துக்கொள்ளுங்கள், பிறகு நுழைக்க முடியாமல் போகலாம். சக்கரத்தை டிராப்அவுட்டில் ஏற்றும்போது அச்சு பிளவின் அடிவரை முழுமையாக உட்கார வேண்டும். பெயின்ட் தடித்திருந்தால் அரத்தால் பெயின்ட்டை மட்டும் சுரண்டுங்கள், உலோகத்தைச் சுரண்டி லூசாக்கிவிடக் கூடாது. நாக்குள்ள வாஷர் கிட்டோடு வரும். அதன் நாக்கு பிளவுக்குள் நுழைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் டார்க் ஆர்ம், அதற்கு மேல் நட்டு. வயர் வெளியே வரும் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும். அங்கிருந்து வயர் சற்றுத் தொங்கி வளைந்து மேலே போனால் மழைத்தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும், மோட்டாருக்குள் போகாது.

நட்டை இறுக்குவதற்கு 40 நியூட்டன் மீட்டர் அளவாக இருக்கும். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் 20 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் 20 கிலோ எடை வைத்து அழுத்துவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்க வேண்டும். இறுக்கியபின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு ரிம் நடுவில் ஓடுகிறதா, செயின் நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். கியர் மாற்றும்போது செயினை நகர்த்தும் டீரெய்லர் போக்ஸ் கம்பியைத் தொடாதபடி அதன் எல்லைத் திருகையும் சரிசெய்துவிடுங்கள்.

பேட்டரி, கன்ட்ரோலர், கைப்பிடிச் சாமான்கள்

பேட்டரிக்குச் சிறந்த இடம் தண்ணீர் பாட்டில் மாட்டும் சாய்ந்த குழாய். எடை நடுவில், தாழ்வாக இருக்கும். கேரியரில் வைத்தால் ஏற்கெனவே மோட்டார் எடை சேர்ந்த பின்பக்கம் இன்னும் கனத்து, பள்ளத்தில் குதிக்கும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். அதைக் காற்றுப் படும் இடத்தில், வயர்கள் கீழ்நோக்கி வருமாறு கட்டுங்கள்.

கைப்பிடியில் பழைய கிரிப்பையும் பிரேக் லீவரையும் கழற்றிவிட்டுக் கிட்டில் வந்தவற்றை மாட்ட வேண்டும். புது லீவரில் சின்ன சுவிட்ச் இருக்கும், பிரேக் பிடித்த நொடியே மோட்டாரை அது அணைத்துவிடும். பழைய லீவரே நன்றாக இருக்கிறது என்று இதை விட்டுவிடாதீர்கள்.

மிதிக்கும்போது மோட்டார் தானாக உதவ பெடல் சென்சார் வேண்டும். காந்தங்கள் பதித்த வட்டத் தட்டு, பெடலைத் தாங்கும் கையான கிராங்க்கோடு சுற்றும், பக்கத்தில் சென்சார் அசையாமல் நிற்கும். இரண்டுக்கும் 2, 3 மி.மீ. இடைவெளி போதும். கிராங்க்கைக் கழற்றத் தனிக் கருவி தேவை. பழைய மாடலில் கிராங்க்கைப் பிடித்து நிறுத்தும் காட்டர் பின் என்ற ஆப்பு அடித்திருக்கும். அந்த ஒரு வேலைக்கு மட்டும் சைக்கிள் கடைக்குப் போய்விடுவது நல்லது.

வயர் இணைப்பு

மோட்டாரிலிருந்து தடித்த வயர் மூன்று வரும்: மஞ்சள், பச்சை, நீலம். கூடவே மெல்லிய வயர் ஐந்து. அவை மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சாருக்கானவை. கிட்டில் எல்லாம் ஒன்றுக்கொன்று மட்டுமே பொருந்தும் சாக்கெட்டாக வருவதால் நிறம் பார்த்து, அம்புக்குறி பார்த்துச் செருகினால் முடிந்தது. பேட்டரி வயரைக் கடைசியில்தான் செருக வேண்டும். அதற்கு முன் மல்டிமீட்டரால் பிளஸ், மைனஸ் பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் கன்ட்ரோலர் அந்த நொடியே போய்விடும். லித்தியம் அயன் பேட்டரி என்றால் முழுச் சார்ஜில் மீட்டர் 42 வோல்ட்டுக்கு அருகில் காட்டும்.

பின்சக்கரம் தரையைத் தொடாமல் இருக்கும்போதே முதல் சோதனை. மெதுவாகத் திருகுங்கள். சக்கரம் முன்னோக்கி ஒரே சீராகச் சுற்ற வேண்டும். நடுங்கினாலோ கரகரத்தாலோ ஹால் சாக்கெட்டில் ஒரு பின் மடங்கியிருக்கும், அல்லது தடித்த வயர் இரண்டு இடம் மாறியிருக்கும். சுவிட்ச் போட்டதும் தானாகவே ஓட ஆரம்பித்தால் உடனே அணைத்துவிட்டு ஆக்சிலேட்டரின் கறுப்பு வயரைப் பாருங்கள். அது விட்டுப்போனால் முழு வேகம் கேட்பதாகக் கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். அப்புறம், ஓடும்போது பிரேக் பிடித்துப் பாருங்கள், மோட்டார் உடனே நிற்க வேண்டும். இரண்டு லீவரையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

ஓட்ட ஆரம்பித்த பிறகு

முதல் ஓட்டம் ஆளில்லாத தெருவில் இருக்கட்டும். 20 கிலோமீட்டர் ஓடியதும் அச்சு நட்டுகளையும் டார்க் ஆர்ம் கிளாம்பையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் கொடுத்திருக்கும். 100 கிலோமீட்டர் வாக்கில் போக்ஸ் தளரும். சைக்கிள் கடையில் பெண்டு எடுத்து வாங்குங்கள். பிரேக் கட்டைகள் முன்பைவிடச் சீக்கிரம் தேயும்.

வெயிலில் நின்ற சைக்கிளை வந்ததும் சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. மதுரை வெயிலில் கறுப்புப் பேட்டரிப் பெட்டி அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டு, நீங்கள் விழித்திருக்கும் நேரத்தில் சார்ஜ் போடுங்கள்.

பஞ்சரானால் கவலை வேண்டாம். நம் ஊர் பஞ்சர் கடைக்காரர்கள் சக்கரத்தைக் கழற்றாமலேயே டியூபை உருவி ஒட்டிவிடுவார்கள். வயர் வரும் பக்கமாகச் சைக்கிளைச் சாய்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். டியூபையே மாற்ற வேண்டியிருந்தால்தான் சக்கரம் கழற்றுகிற வேலை. அதற்கு முன் இரண்டு பக்கத்து வாஷர் வரிசையையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அச்சு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஒன்றைப் பையில் எப்போதும் வைத்திருங்கள். எல்லாப் பஞ்சர் கடையிலும் அந்த அளவு இருக்காது.